செரோவே மன்றத்தின் மருமகள்

மணமகள் பிறந்தகம் நீங்கிப் புக்ககம் செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் நம் வழக்கில் புக்ககம் என்பது ஓர் இல்லம்; மிஞ்சினால் ஓர் ஊர். கணவன் ஒரு நாட்டினனாகவும் மனைவி வேறொரு நாட்டினளாகவும் இருந்து, இருவரும் அவ்விரு நாடுகளுள் ஒன்றில் குடியேற முனையுங்கால் நிலைமை வேறாகிறது. மாமியார் இசைந்தால் மட்டும் போதாது. ஊரார் இசைதல் வேண்டும். அரசாங்கம் இசைதல் வேண்டும். சில வேளைகளில் அண்டை நாட்டு அரசாங்கமும் இசைந்தாக வேண்டியிருக்கிறது. இவ்விசைவைக் கேட்கும் உரிமை உண்மையில் யாருக்கு உண்டு என்னும் வினா, 1948 முதல் 1956 வரை எட்டாண்டுக் காலம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தையும் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலப்பகுதி ஒன்றையும் ஒருங்கே ஆட்டி வைத்தது. செரெட்சே காமா, ரூத் வில்லியம்ஸ் என்னும் இருவரின் வரலாறே அது.

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கலஹாரிப் பாலையைத் தன்னகத்தே கொண்டு கிடக்கும் நாட்டை இன்று போட்ஸ்வானா என்கிறோம். 1966-க்கு முன்னர் அதற்குப் பெச்சுவானாலாந்து என்று பெயர். மழையே அங்கு செல்வம். ‘பூலா’ என்னும் சொல் அவர்கள் மொழியில் மழையைக் குறிக்கும், வாழ்த்தொலியும் அதுவே, 1976-இல் அந்நாடு தனக்கென நாணயம் வெளியிட்டபோது அதற்கும் அப்பெயரையே வைத்தனர். மாடுகளே அம்மக்களின் உடைமை. நம் முன்னோரும் மாட்டையும் செல்வத்தையும் ‘மாடு’ என்னும் ஒரு சொல்லாலேயே குறித்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாட்டுக் குடிகளுள் பெரியது பாமங்குவாட்டோ. அதன் தலைநகர் செரோவே. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட வட்டக் குடில்கள் நிறைந்த பேரூர். 1885-இல் பெச்சுவானாலாந்து பிரிட்டனின் பாதுகாப்புக்கு உட்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், நிலத்தை ரோட்ஸ் என்பாரின் கம்பெனிக்குக் கையளிக்கும் முயற்சி எழுந்தபோது, அதனைத் தடுக்கும்பொருட்டு மூன்று தலைவர்கள் 1895-இல் லண்டனுக்கே நேரில் சென்று முறையிட்டனர். அவர்களுள் ஒருவர் மூன்றாம் காமா, செரெட்சேயின் பாட்டனார். ஆகவே பிரிட்டிஷ் முடியை நம்புதல் அக்குடும்பத்தில் ஒரு மரபாகவே வேரூன்றியிருந்தது. அந்நம்பிக்கை பின்னர் என்னவாயிற்று என்பதைக் காண்போம்.

அம்மக்களின் பொது மன்றத்திற்குக் ‘கோட்லா’ என்று பெயர். மரக்கழிகளை அரைவட்டமாக நட்டு அமைத்த வெளி அது. வழக்குத் தீர்ப்பதும் அங்கே; பொதுச் செயல்களை ஆராய்வதும் அங்கே. ஆடவர் எவரும் எழுந்து பேசலாம். பெண்டிர்க்கு அக்காலத்தில் அங்கு குரல் இல்லை. தலைவன் எல்லார் பேச்சையும் கேட்டிருந்து இறுதியிலேயே தன் முடிவைக் கூறுவான். தலைவன் தலைவனாவது குடிகளால் என்பது அவர்களுடைய பழமொழி. ஆலமரத்தடியில் கூடிய நம் ஊர் மன்றங்களை இஃது ஒருபுடை ஒத்ததாகும்.

மூன்றாம் காமா 1923-இலும், அவர் மகன் இரண்டாம் செக்கோமா 1925-இலும் இறந்தனர். செக்கோமாவின் மகன் செரெட்சேக்கு அப்பொழுது அகவை நான்கு. சிறுவனுக்காக ஆட்சியை ஏற்றவர் சிற்றப்பன் செகேடி. இவர் கல்வியும் கண்டிப்பும் மிக்கவர்; வெள்ளையருக்கு அஞ்சாதவர். வெள்ளை இளைஞன் ஒருவனுக்குத் தம் மன்றத்தில் கசையடித் தண்டனை விதித்தார் என்பதற்காக 1933-இல் பிரிட்டிஷார் கடற்படை வீரர்களையே அழைத்துவந்து இவரைச் சில காலம் பதவியிலிருந்து நீக்கிவைத்தனர். அத்தகைய செகேடி, அண்ணன் மகனைத் தம் மகனாகவே வளர்த்துப் படிக்க வைத்து, 1945-இல் ஆக்ஸ்போர்டுக்கும் அனுப்பினார். அங்கிருந்து செரெட்சே சட்டம் பயில லண்டன் சென்றார்.

ரூத் வில்லியம்ஸ் 1923-இல் தென் லண்டனில் பிறந்தவர். தந்தை இந்தியப் படையில் பணியாற்றிப் பின்னர்த் தேயிலை வாணிகத்தில் ஈடுபட்டவர். போர்க்காலத்தில் மகளிர் துணை விமானப்படையில் சேர்ந்து நோயாளர் வண்டி ஓட்டிய ரூத், போருக்குப்பின் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். 1947-இல் லண்டன் மிஷனரிச் சங்கத்தாரின் நடனக் கூட்டமொன்றில் இருவரும் சந்தித்தனர். மறு ஆண்டு திருமணத்திற்கு நாள் குறித்தனர். மாதாகோயிலில் மணமுடிக்க விரும்பினர். ஆனால் செகேடியின் வேண்டுகோளுக்கு இணங்கி மிஷனரிகள் குறுக்கிட்டனர். அரசாங்கம் ஒப்பினாலன்றி மணவினை கூடாதென லண்டன் பிஷப் மறுத்துவிட்டார். ஒருவன் ஒருத்தியை மணக்க எந்தத் திருமறை அரசாங்கத்தின் ஒப்புதலைக் கேட்கிறது என்று அப்பொழுது எவரும் அவரிடம் வினவியதாகத் தெரியவில்லை. 1948 செப்டம்பர் 29-ஆம் நாள் கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் சட்டப்படி இருவரும் கணவன் மனைவியாயினர்.

மன்றம் மும்முறை கூடியது

செகேடியின் எதிர்ப்பை வெறும் நிறவெறுப்பு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. தலைவனின் மனைவி ஒருவனுக்கு மட்டும் மனைவியல்லள், குடிக்கே தாய். அவள் வயிற்று மகனே நாளைய தலைவன். ஆகவே அவளைத் தேர்வதில் குடிகளுக்கும் பங்குண்டு. அவர்களைக் கேளாமல் லண்டனில் மணமுடித்தது முறைகேடு. இதுவே அவர் வாதம். மருமகளைத் தேர்வதில் சுற்றத்தார்க்கு எத்துணைப் பங்குண்டு என்பதை நன்கறிந்த நமக்கு இவ்வாதம் விளங்காததன்று. மூன்றாம் காமாவும் இளமையில் தம் தந்தை விரும்பியபடி இரண்டாம் மனைவியை ஏற்க மறுத்துப் பெரும் பகை கொண்டவரே என்பதைச் செகேடி மறந்தார் போலும்.

1948 நவம்பரில் செரோவே மன்றம் கூடியது. செரெட்சே தனியே வந்து நின்றார். பேசியோரிற் பெரும்பாலோர் அம்மணத்தை எதிர்த்தனர். செரெட்சே வேண்டும், அவர் மனைவி வேண்டா என்றனர். டிசம்பரில் மன்றம் மீண்டும் கூடியபோது எதிர்ப்பின் வேகம் சற்றுத் தணிந்திருந்தது. செரெட்சே தாம் மனைவியை விட்டு வரப்போவதில்லை என்பதில் அசையாதிருந்தார். 1949 ஜூன் மாதத்தில் மூன்றாம் முறையாக மன்றம் கூடிப் பல நாள் ஆராய்ந்தது. முடிவில் செரெட்சே எழுந்து, தம் மனைவியை ஏற்காதவர்கள் எழுந்து நிற்குமாறு கேட்டார். நாற்பது பேரளவில் எழுந்தனர். ஏற்பவர்கள் எழுக என்றார். ஆயிரக்கணக்கானோர் ஒருசேர எழுந்து ஆரவாரித்தனர்.

ஏழு திங்களில் ஒரு குடி முழுமையும் மனம் மாறியது எவ்வாறு? அன்பின் வெற்றி என்று கதை கட்டிவிடுவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. இருபத்து மூன்று ஆண்டுகள் ஆண்ட சிற்றப்பன், இம்மணத்தைக் காரணமாகக் காட்டி ஆட்சியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்னும் ஐயம் மக்களிடையே வலுத்திருந்தது. தலைவனை இழப்பதா, அயல்நாட்டு மருமகளை ஏற்பதா என்ற நிலையில் அவர்கள் பின்னதைத் தேர்ந்தனர். ஆனால் இதில் சிறப்பு ஒன்றுண்டு. மறுத்தவர்கள் வெளிப்படையாக மறுத்தனர். ஏற்றவர்கள் வெளிப்படையாக ஏற்றனர். கேட்டற்குரியார் கேட்டு, ஆராய்ந்து, முடிவு கூறினர். தோற்ற செகேடி தம்மைச் சார்ந்தோருடன் அண்டையிலுள்ள பக்வேனா நாட்டுக்குப் பெயர்ந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ரூத் வந்து சேர்ந்தார். அங்கிருந்த வெள்ளை அதிகாரிகளும் வணிகருட் பலரும் அவரை விலக்கியே வைத்தனர். ஆனால் செரோவே மக்கள் தலைவன் மனைவிக்குரிய ‘மொகுமகாடி’ என்னும் பட்டத்தால் அவரை அழைத்தனர். புக்ககம் ஏற்றுக்கொண்டது, பிறந்தகத்து மக்களே புறக்கணித்தனர்.

அண்டை வீட்டான் சொற்படி

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியாமற்போனதற்குக் காரணம் தென்னாப்பிரிக்கா. செரெட்சேயின் மணத்திற்கு நான்கு திங்கள் முன்னர், 1948 மே மாதத் தேர்தலில், மலான் தலைமையில் தேசியக் கட்சி அங்கு ஆட்சிக்கு வந்திருந்தது. 1949-இல் கலப்புமணத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பினத் தலைவனும் வெள்ளை மனைவியும் மதிப்போடு வாழ்வது தம் சட்டத்தையே எள்ளி நகையாடுவதாகும் என அவ்வரசு கருதியது. பிரிட்டனோ போரில் பொருளிழந்திருந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கமும், அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியமும் அதற்குத் தேவைப்பட்டன. பெச்சுவானாலாந்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ளத் தென்னாப்பிரிக்கா நெடுநாளாகக் காத்திருந்ததும் ஓர் அச்சம்.

பெச்சுவானாலாந்தின் ஆட்சித் தலைமையகம் அந்நாட்டிலேயே இல்லை; எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில், மாபெக்கிங் நகரில் இருந்தது. செரெட்சேயும் ரூத்தும் தென்னாப்பிரிக்காவினுள் நுழையக்கூடாதென அவ்வரசு 1949-இல் தடை விதித்தது. ஆகவே ஒரு குடியின் தலைவன் தன் நாட்டை ஆளும் அலுவலகத்தின் வாயிலை மிதிக்கவும் வழியில்லை. இவ்விந்தையை என்னென்பது!

பிரிட்டன் செய்தது ஒரு விசாரணை. தலைமை நீதிபதி சர் வால்டர் ஹாரகின் தலைமையில் 1949 நவம்பரில் விசாரணைக் குழு அமர்ந்தது. செரெட்சே தலைமைக்குத் தகுதியுடையவரா என்பது வினா. குழு கூறிய விடை நாணயமானது. ஆகையால் அரசாங்கத்திற்குச் சங்கடமானது. செரெட்சே அறிவும் ஆற்றலும் வாய்ந்தவர், மணத்தைத் தவிர வேறு குறையில்லை, குடிகளும் அவரை ஏற்கின்றனர். ஆனால் அண்டை அரசுகளின் நட்பை அவர் பெற முடியாதாகையால் பதவி தரலாகாது என்றது குழு. அண்டை வீட்டானுக்குப் பிடிக்கவில்லை என்பதே காரணம் என்று வெள்ளை மாளிகையொன்று வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? லண்டன் அரசாங்கம் அவ்வறிக்கையை வெளியிடாமல் புதைத்து வைத்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அஃது உலகின் கண்ணிற் படவில்லை. மக்களிடையே பிளவு உள்ளது, ஆகவே அமைதியின் பொருட்டுத் தலைமையை நிறுத்திவைக்கிறோம் என்று வேறொரு காரணத்தை அரசாங்கம் நாட்டுக்குச் சொல்லியது.

கலந்து பேச வருக என்று 1950 பிப்ரவரியில் செரெட்சேயை லண்டனுக்கு அழைத்தனர். ரூத்தையும் அழைத்தனர், அவர் செல்லவில்லை. சென்றால் திரும்ப விடமாட்டார்கள் என்று ஐயுற்றார். ஐயம் பொய்க்கவில்லை. தலைமையைத் தாமே துறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தால் ஆண்டுக்கு 1,100 பவுன் தருவதாகச் செரெட்சேயிடம் பேசிப் பார்த்தனர். அவர் மறுத்தார். மார்ச் மாதம் காமன்வெல்த் உறவு அமைச்சர் கார்டன் வாக்கர், செரெட்சே ஐந்தாண்டுகள் நாடு திரும்பக்கூடாதென அறிவித்தார். சிற்றப்பனுக்கும் பாமங்குவாட்டோ எல்லைக்குள் நுழையத் தடை. மணந்தவனையும் மணத்தை எதிர்த்தவனையும் ஒரே கோலால் அடித்ததே நடுவுநிலைமை என்று அமைச்சர் எண்ணினார் போலும்.

இச்செய்தியை முறைப்படி அறிவிக்க, உயர் ஆணையர் சர் எவெலின் பேரிங் செரோவே மன்றத்தைக் கூட்டினார். அரசுச் சின்னங்களுடன் முழு உடையில் வந்து நின்றார். மன்றவெளி வெறிச்சோடிக் கிடந்தது. மக்களுள் எவரும் வரவில்லை. அரசாங்கத்தின் சொல்லுக்குச் செவி கொடாதிருத்தலே அவர்கள் தந்த மறுமொழி. மன்றத்தில் பேசுவதற்கு மட்டுமன்றிப் பேசாதிருப்பதற்கும் அம்மக்கள் அறிந்திருந்தனர்.

ரூத் அப்பொழுது கருவுற்றிருந்தார். மகப்பேற்றுக் காலத்திலும் கணவன் மனைவி சேர்ந்திருக்க அரசாங்கத்தின் இசைவை எதிர்நோக்கவேண்டிய நிலை. 1950 மே மாதம் செரோவேயிலேயே மகள் ஜாக்குலின் பிறந்தாள். அவ்வாண்டு ஆகஸ்டில் குடும்பம் லண்டன் திரும்பியது. மணந்த பெண் கணவனுடன் பிறந்தகம் வந்தாள். ஆனால் நாடு கடத்தப்பட்டவளாய் வந்தாள். அவள் பிறந்த ஊரே கணவனுக்குச் சிறை.

ஆட்சி மாறினும்

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சர்ச்சில், 1950-இல் இச்செயலை மதிப்பற்ற செயலென்று பாராளுமன்றத்தில் சாடினார். 1951-இல் அவரே பிரதமரானார். மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் 1952 மார்ச்சில் அவருடைய அமைச்சர் சாலிஸ்பரி பிரபு, ஐந்தாண்டுத் தடையை நிலையான தடையாக்கினார்! ஜமைக்காத் தீவில் ஒரு பதவி தருவதாகவும் ஆசை காட்டினர்; செரெட்சே ஏற்கவில்லை. ஜூன் முதல் நாள் செரோவேயில் கலவரம் மூண்டது. மன்றத்தில் பேசும் உரிமையில்லாத பெண்களும் அன்று தெருவில் முன்னின்றனர். போலீசார் மூவர் உயிரிழந்தனர். அவர்கள் மூவரும் ஆப்பிரிக்கரே என்பது இதிலுள்ள பெருந்துயரம்.

லண்டனை அடுத்த குரோய்டனில் குடும்பம் காலங்கழித்தது. பென்னர் பிராக்வே, வெட்ஜ்வுட் பென் முதலிய பாராளுமன்ற உறுப்பினர்களும், மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனும் அவர்கள் பொருட்டுக் குரல் கொடுத்தனர். 1953-இல் மகன் இயன் பிறந்தான்.

முடிச்சை அவிழ்த்தவர் அமைச்சர் எவரும் அல்லர், செகேடி. 1956-இல் லண்டன் வந்து அண்ணன் மகனைக் கண்டு பேசினார். இருவரும் தலைமைப் பதவிக்குரிய உரிமையைத் துறப்பது, இருவரும் தனிக்குடிமக்களாக நாடு திரும்புவது என உடன்பட்டனர். பிரிட்டிஷ் அரசாங்கம் இசைந்தது. ஒருவன் தன் மனைவியுடன் தன் ஊரில் வாழ்வதற்கு ஒரு தலைமுறை ஆட்சியை விலையாகக் கொடுத்தான் எனின், அவ்விலை மிகுதியா குறைவா என்பதைப் படிப்போர் துணிக. 1956 அக்டோபரில் செரெட்சே செரோவே சேர்ந்தார். ரூத்தும் பிள்ளைகளும் பின்தொடர்ந்தனர். 1958-இல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது ஒருவனுக்கு ஆன்டனி என்று பெயரிட்டனர். லண்டனில் துணைநின்ற ஆன்டனி வெட்ஜ்வுட் பென்னை நினைந்து. மற்றவனுக்கு இட்ட பெயர் செகேடி! சிற்றப்பன் 1959-இல் இறந்தார். தம் பெயர் அவ்வீட்டில் வழங்கக் கேட்டபின்னரே இறந்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. மாட்டுப்பண்ணை நடத்திப் பார்த்துப் பெரிதும் பயன் காணாத செரெட்சே, 1962-இல் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28-ஐ அக்கட்சி வென்றது. தலைமையகம் மாபெக்கிங்கை விட்டு உள்நாட்டிலேயே புதிதாக எழுந்த கேபரோனுக்கு மாறியது. 1966 செப்டம்பர் 30-இல் நாடு விடுதலை பெற்றது. குடித்தலைவனாக இருக்கத் தகாதவர் என்று விலக்கப்பட்டவர் ஒரு நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். அதற்கு முன்னர் அவரைப் பிரிட்டிஷ் சட்டம் ‘பாதுகாக்கப்பட்டவர்’ என்றே அழைத்துவந்தது. பிரிட்டிஷ் பிரஜை என்னும் தகுதி மனைவிக்கே உண்டு, கணவருக்கு இல்லை. விடுதலை பெற்ற நாட்டில்தான் அவருக்கென ஒரு குடியுரிமை வாய்த்தது.

1979-இல் இயன் காமா பாமங்குவாட்டோ மக்களின் தலைவராக முடிசூட்டப்பெற்றார். வேற்று நாட்டுப் பெண் வயிற்றில் பிறப்பவன் தலைவனாகலாமா என்று 1948-இல் மன்றம் வாதிட்ட பிள்ளை இவரே. 2008 முதல் 2018 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

இவ்வரலாற்றுக்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. மருமகளுக்குக் கதவு திறந்த நாடு, மகளுக்கு அதனை அடைத்தது. 1984-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், போட்ஸ்வானா ஆடவன் அயல்நாட்டுப் பெண்ணை மணந்தால் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தந்தது. போட்ஸ்வானாப் பெண் அயல்நாட்டானை மணந்தால் தர மறுத்தது. அமெரிக்கர் ஒருவரை மணந்த வழக்கறிஞர் யூனிட்டி டோ, மணத்திற்கு முன் பிறந்த மகள் குடிமகளாகவும் பின் பிறந்த இருவர் அயலாராகவும் நிற்கக் கண்டு வழக்குத் தொடுத்தார். 1992-இல் மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1995-இல் சட்டம் திருத்தப்பட்டது. இவ்வேறுபாடு நம் நாடுகளுக்கும் அயலானதன்று. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழிக் குடியுரிமை சிங்கப்பூரில் 2004-இல்தான் வாய்த்தது. மலேசியாவில் அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது 2024 அக்டோபரில்.

செரெட்சே 1980 ஜூலை 13-இல் மறைந்தார். ரூத் இங்கிலாந்து திரும்பிவிடுவார் என்று எதிர்பார்த்தோரும் இருந்தனர். அவர் திரும்பவில்லை. செஞ்சிலுவைச் சங்கப் பணியிலும் மகளிர் நலப் பணியிலும் ஈடுபட்டு மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்நாட்டிலேயே வாழ்ந்தார். 2002 மே 22-ஆம் நாள், தம் 78-ஆம் அகவையில், கேபரோனில் உயிர்நீத்தார். செரோவேயில் காமா குலத்தார் அடக்கமான இடுகாட்டில், கணவர் அருகே, அவரை அடக்கம் செய்தனர்.